படிக்க வந்த பையன் பந்தி பரிமாறுகிறான்! கல்லூரிக்குள்ளேயே வேலை கொடுத்தால் காசு யார் தருவது?

சங்கரன்கோவில்:-

முகூர்த்த நாளில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து, இலையில் சாம்பார் ஊற்றுகிற பையனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சமையல்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்காது. மீசை அரும்பிய முகம், பேண்ட், சட்டைக்கு மேல் ஒரு கலர் கோட்டு. விசாரித்தால் கல்லூரியில் படிக்கிற பையனாக இருப்பான்.

விடியற்காலை 4 மணிக்கே மண்டபத்துக்கு வந்தாக வேண்டும். காலை டிபன் பந்தி, மத்தியானச் சாப்பாட்டுப் பந்தி இரண்டையும் முடித்து, எச்சில் இலை எடுத்த பிறகுதான் விடுவார்கள். சில நூறு ரூபாய் கையில் கிடைக்கும். வயிற்றுக்கும் சாப்பாடு உண்டு. ஆனால் அன்றைக்குக் கல்லூரி போச்சு!

இது ஒரு பையன் கதை அல்ல. பூ மார்க்கெட்டில் விடியுமுன் மூட்டை இறக்குகிறவன், விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றிக் கொடுக்கிறவன், புரோட்டா கடையில் கல்லாப் பெட்டி ஓரம் பார்சல் கட்டுகிறவன், பெட்ரோல் பங்கில் ராத்திரி டியூட்டி பார்க்கிறவன், தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறவன் என்று வரிசை நீளும். இவர்களில் எத்தனை பேர் காலையில் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள் என்பது பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்குத் தெரியும்.

ஆகவே, படிக்கிற பிள்ளை வேலைக்குப் போகலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்தி ஆகப்போவது ஒன்றும் இல்லை. அவன் போய்க்கொண்டுதான் இருக்கிறான். எங்கே போகிறான், எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

கல்லூரிக்குள்ளேயே வேலை

2023-ம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக்குழு ஒரு வரைவுத் திட்டத்தை வெளியிட்டது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே பகுதி நேர வேலை கொடுக்கலாம் என்பது அதில் ஒரு யோசனை. நூல்நிலையத்தில் புத்தகம் அடுக்குவது, கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவது, ஆய்வுக்கூடத்தில் உதவுவது போன்ற வேலைகள். வகுப்பு இல்லாத நேரத்தில்தான் செய்ய வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாதத்தில் 20 நாள்தான். கூலி மணிக்கணக்கில்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42 ரூபாய். அந்தக் கூலியையே மாணவனுக்கும் கொடுத்தால் மாதம் 80 மணி நேரத்துக்கு 3,360 ரூபாய் வரும். மண்வெட்டி பிடிக்கிற கூலியை விட ஒரு பைசா கூடப் போடாமல் போட்ட கணக்கு இது.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் அதே 1,000. நாளுக்கு 33 ரூபாய் சொச்சம். பஸ் பாஸ் இலவசம், சரி. நோட்டு, ஜெராக்ஸ், பரீட்சைப் பீஸ், செல்போன் ரீசார்ஜ், ஒரு டீ, ஒரு வடை – அதற்குச் சரியாகப் போய்விடும். மத்தியானச் சாப்பாடு? பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. அதற்கு மேல் வீட்டிலிருந்து தூக்குவாளி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய்.

ஆக, அந்த 1,000 ரூபாயுடன் இந்த 3,360-ம் சேர்ந்தால் 4,360. கிராமத்து வீட்டில் இது சின்னப் பணம் அல்ல. மண்டபத்துப் பந்தியை மறந்துவிட்டு வகுப்பில் உட்காரப் போதுமான பணம்.

ஆடியில் வயிறு காயும்

வெளி வேலையில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. பட்டணத்து ஆட்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. சங்கரன்கோவில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி திறப்பது ஜூன், ஜூலை மாதம். கையில் காசு வேண்டிய நேரம் அதுதான். சேர்க்கைப் பணம், புத்தகம், புதுச் சட்டை என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அடுத்து ஆடி பிறந்துவிடும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபம் பூட்டிக் கிடக்கும். பந்தி இல்லை. கல்யாண மாலைக்குப் பூ கேட்கவும் ஆள் இல்லை.

கோமதி அம்மன் ஆடித்தபசு வந்தால் நாலு நாள் ஊரே ஜேஜே என்றிருக்கும். ரத வீதியில் கடை போடுகிறவர்களுக்குக் கையாள் வேண்டும். பையன்களுக்கு அப்போது கொஞ்சம் சில்லறை பார்க்க முடியும். அது முடிந்தால் மறுபடி ஆவணி முகூர்த்தம் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஆவணியில் முகூர்த்தம் அடுக்கடுக்காக வரும்போது கல்லூரியில் பாடம் மும்முரமாக நடக்கும். பையன் மண்டபத்தில் இருப்பான். பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும். அது குறைந்தால் மன்னிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் கட்டக் காசு இல்லாமல் வேலைக்குப் போனவனுக்கு, வேலைக்குப் போனதற்காக இன்னொரு கட்டணம்! ரொம்பக் குறைந்துவிட்டால் அந்தப் பருவமே வீண்.

வளாக வேலைக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டாம். ஆடியிலும் நூல்நிலையம் திறந்துதான் இருக்கும். காலை வகுப்பு முடிந்து மாலை பஸ் வரும் வரை சும்மா கிடக்கிற இரண்டு மணி நேரம் அங்கேயே சம்பளமாகிவிடும்.

அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை, மாலை என இரண்டு ஷிப்ட் வைத்து வகுப்பு நடத்தியது நினைவிருக்கும். 2020-ல் அதை ஒரே நேரமாக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது, அரை நாள் வேலைக்குப் போகிற பையன்கள் கதி என்ன என்ற கேள்விதான் பெரிதாக எழுந்தது. அரை நாள் உழைப்பை நம்பித்தான் பலர் கல்லூரியில் காலை வைக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

பீடித் தட்டும் பாடப் புத்தகமும்

பெண் பிள்ளைகள் நிலைமை வேறு. மண்டபத்துக்கோ பங்குக்கோ அனுப்ப வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. தென்காசி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் கல்லூரிப் பெண் சாயங்காலம் வந்ததும் கையில் எடுப்பது பீடித் தட்டைத்தான். அம்மாவுக்குத் துணையாக இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்ட வேண்டும். கணக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. எட்டு மணிக்கு மேல் கண் எரியும். புத்தகம் அதற்குப் பிறகுதான்.

இதே பெண்ணுக்குக் கல்லூரி அலுவலகத்தில் தினம் இரண்டு மணி நேரம் விண்ணப்பம் சரிபார்க்கிற வேலை கிடைத்தால், பஸ் ஏறுகிறபோது கம்ப்யூட்டர் வேலையும் கையோடு வரும். நாளைக்கு ஒரு கம்பெனியில் போய் உட்கார்ந்தால் முன் அனுபவம் என்று சொல்லிக்கொள்ள அது உதவும். பீடி சுற்றியதை எந்த மனுவில் எழுத முடியும்?

சாத்தாராவில் ஒரு கர்மவீரர்

படித்துக்கொண்டே உழைப்பது நம் நாட்டுக்குப் புதுசு அல்ல. காமராஜரைக் கர்மவீரர் என்கிறோம். மராட்டியத்திலும் ஒரு கர்மவீரர் இருந்தார். பாவுராவ் பாட்டீல் என்று பெயர். 1887-ல் பிறந்தவர். 1919-ல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவர்கள். சாத்தாராவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே விடுதியில் சேர்த்து, ஒரே பந்தியில் உட்கார வைத்தார். விடுதியில் அரிசி பருப்பு தீர்ந்தபோது அவர் மனைவி லட்சுமிபாய் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தார்.

அங்கே பிள்ளைகள் வயலில் உழைத்தார்கள், கட்டட வேலை செய்தார்கள். அந்த உழைப்பே அவர்களுக்குக் கட்டணம். 1947-ல் அவர் தொடங்கிய சிவாஜி கல்லூரியும் அந்த வழியில் வந்ததுதான். புனே பல்கலைக்கழகம் நடத்துகிற ‘சம்பாதித்துப் படி’ திட்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

டெல்லிப் பல்கலைக்கழகம் 2022-ல் வேறு ஒரு தினுசில் தொடங்கியது. துணைவேந்தர் பெயரில் ஒரு பயிற்சி வேலைத் திட்டம். பல்கலைக்கழக அலுவலகங்களிலேயே மாணவர்கள் பகுதி நேரமாக வேலை பார்ப்பார்கள். மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை.

ஜான்சன் குப்பை பொறுக்கிய கதை

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. 1964-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்ட வறுமை ஒழிப்புச் சட்டத்தில் இது ஒரு பகுதியாக வந்தது. அவரே ஏழைப் பையனாக டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து, வளாகத்தில் குப்பை பொறுக்கியும் தரை துடைத்தும் படித்தவர். பிறகு கல்லூரித் தலைவர் அலுவலகத்தில் எடுபிடி வேலை கிடைத்தது. அதுவும் போதாமல் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராகச் சம்பாதித்துவிட்டு வந்தார்.

பட்டினி தெரிந்த ஆள் சட்டம் போட்டதால் அதில் ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்தார். மாணவனுக்குக் கொடுக்கும் கூலியில் பெரும் பங்கு அரசாங்கக் கஜானாவிலிருந்து வரும். பொதுவாக 75 சதவீதம் வரை மத்திய அரசு, மிச்சம் கல்லூரி. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுக்க வேண்டும்.

நம் ஊர் யோசனையில் இடறுகிற கல் இங்கேதான் இருக்கிறது. வேலை கொடுங்கள் என்று மானியக்குழு சொல்லிவிட்டது. கூலிப் பணம் கல்லூரிக்கு எங்கிருந்து வரும்?

சம்பளத்துக்கே தாளம்

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2023, 2024 ஆண்டுகளில் ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் போட முடியாமல் தவித்தது ஊரறிந்த கதை. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று மானியக்குழு 2019-ல் சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அதைக் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த நாட்கள் எத்தனை!

வாத்தியாருக்கே பாக்கி வைக்கிற இடத்தில், புத்தகம் அடுக்கிய பையனுக்கு மாதம் பிறந்தால் காசு வருமா?

இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பல கல்லூரிகளில் ஆய்வுக்கூட உதவியாளர், நூலக உதவியாளர், அலுவலக உதவியாளர் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அந்த வேலையை மணிக்கு 42 ரூபாய்க்கு மாணவன் செய்வான் என்றால், நிரந்தர ஆளை நியமிக்க எந்த அதிகாரி அவசரப்படுவார்? மாணவனுக்கு உதவி என்ற பெயரில், அதே மாணவன் படித்து முடித்துப் போய் உட்கார வேண்டிய நாற்காலியை அவனை வைத்தே தூக்கிவிடுகிற வேலை ஆகிவிடும். எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் பட்டியல் வேண்டும்.

குலக்கல்வி பயம்

தமிழ்நாட்டில் ‘படிப்போடு வேலை’ என்றால் பெரியவர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள். காரணம் இருக்கிறது. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும். மிச்ச நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கலாம். குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் கிளப்பிய எதிர்ப்பில் மாநிலமே கொந்தளித்தது. ராஜாஜி 1954-ல் பதவியை விட்டார். அடுத்து வந்த காமராஜர் முதல் வேலையாக அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குறைந்தபட்ச வயது 18 என்று இருந்ததை 2024-ல் தமிழக அரசு ஏற்கவில்லை. படிக்க வேண்டிய வயதில் அப்பன் தொழிலுக்கு இழுக்கிறது என்பது குற்றச்சாட்டு. 2025-ல் மாநில அரசு தன் பங்குக்குக் கொண்டுவந்த கைவினைத் திட்டத்தில் வயதை 35 ஆக்கியது.

வளாக வேலை அப்படிப்பட்டது அல்ல. தறிக்காரர் மகனைத் தறிக்கு அனுப்பவில்லை, அவனை நூல்நிலையத்தில் உட்கார வைக்கிறது. ஆனால் வேலை பிரிக்கும்போது பார்வை வேண்டும். யார் கையில் புத்தகம், யார் கையில் விளக்குமாறு? நெல்லைச் சீமையில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே சாதி கண்டுபிடிக்கிற கொடுமை உண்டு. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டுப்பட்டதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு குறிப்பிட்ட தெருப் பையன்களுக்கு மட்டும் கக்கூஸ் கழுவுகிற வேலை போனால், திட்டம் ஒரே வாரத்தில் நாறிவிடும். துப்புரவு வேலையைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவது நல்லது.

‘ஏழை மாணவர் பட்டியல்’ என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டுவதும் கூடாது. வறுமையை ஊருக்குக் காட்டச் சொன்னால் ரோஷக்காரப் பையன் மனுவே போட மாட்டான். மண்டபத்துக்கே போய்விடுவான். அங்கே யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை.

மகமை காட்டிய வழி

சரி, பணம்? முதல் பொறுப்பு அரசாங்கத்துக்கு என்பதில் சந்தேகம் இல்லை. உதவித்தொகைக்கு ஒதுக்குகிற பெட்டியிலிருந்தே இதற்கும் ஒரு பகுதி போட வேண்டும்.

ஆனால் இந்தப் பக்கத்து வியாபாரிகளுக்கு வேறொரு வழியும் தெரியும். சங்கரன்கோவிலில் ரயில் ஏறினால் ராஜபாளையம் தாண்டிப் போகிற விருதுநகரில், கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தார்கள். 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

பூக்கடை, ஜவுளி, தறி, எலுமிச்சை மண்டி என்று வியாபாரம் நடக்கிற வட்டாரம் இது. ஒரு மாணவனுக்கு மாதம் 3,360 என்றால், படிப்பு நடக்கிற பத்து மாதத்துக்கு 33,600 ரூபாய். அமெரிக்கக் கணக்குப்படி முக்கால் பங்கை அரசு போட்டால் மிச்சம் 8,400. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் ஆளுக்கு வருஷம் 840 ரூபாய். தினசரிக் காலண்டர் அடித்துக் கொடுக்கிற செலவை விடக் குறைவு!

ஒரு எச்சரிக்கை. பணம் கொடுத்த அண்ணாச்சி, பையனைத் தன் கடைக்கே வரச் சொல்லிவிட்டால் கதை பழையபடி ஆகிவிடும். வேலை கல்லூரிக்குள், மேற்பார்வை ஒரு பேராசிரியர், கையெழுத்து நோட்டு ஒன்று, கூலி மாணவன் பேங்க் கணக்கில் நேராக. இதில் ஒன்று விட்டுப்போனாலும் சரிப்படாது.

எல்லாவற்றிலும் கடைசிச் சங்கதிதான் மெத்தக் கஷ்டமானது. கூலிப் பட்டியல் துறைத் தலைவரிடமிருந்து முதல்வர் மேஜைக்குப் போய், அங்கிருந்து கருவூலத்துக்குப் போய், ஒரு புள்ளி விட்டுப்போச்சு என்று திரும்பி வந்து, மறுபடி போய்ப் பணம் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். ஸ்காலர்ஷிப் வாங்கியவர்களுக்கு இந்த வழி அத்துப்படி. மண்டபத்தில் பந்திக் காண்டிராக்டர் அன்று சாயங்காலமே எண்ணிக் கையில் கொடுத்துவிடுகிறார்.